ஏடுகளைக் காத்த வக்கீல்: பாட்னா குதா பக்ஷ் அவர்களின் வாழ்க்கை

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நம் நினைவுக்கு முதலில் வந்தவர் தமிழகத்தவர் அல்லர். சிங்கப்பூருக்கு வந்தவரும் அல்லர். பீகார் மாநிலத்தில் பாட்னா நகரில் வாழ்ந்து, 1908ஆம் ஆண்டில் மறைந்த கான் பஹதூர் குதா பக்ஷ் அவர்களையே எழுத எண்ணினோம். அதற்குக் காரணம் உண்டு.

உட்லண்ட்ஸில் நம் குடும்பங்கள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் இடம் குறைவு. வீட்டு மூத்தவர் ஒருவர் மௌத்தாகிவிட்டால், நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய பின் அவருடைய அலமாரியைக் காலி செய்கிறோம். துணிமணிகளை ஏழைகளுக்குக் கொடுக்கிறோம். குர்ஆன் பிரதிகளைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகிறோம். மீதமிருக்கும் பழைய கிதாபுகள், அரபுத்தமிழ் ஏடுகள், கையெழுத்துக் குறிப்பேடுகள் ஆகியவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டி ஒதுக்கிவிடுகிறோம். சில நேரம் அவை பழைய தாள் வாங்குகிறவர் கைக்குப் போய்விடுகின்றன. இதே கேள்வி 1876ஆம் ஆண்டில் பாட்னாவில் ஒரு மகனின் முன் வந்து நின்றது. அதற்கு அவர் தம் வாழ்நாள் முழுவதையும் பதிலாகக் கொடுத்தார். அந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

அரண்மனையில் உருவான ஏடுகள்

குதா பக்ஷ் அவர்கள் காத்த செல்வம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

முகலாயர் காலத்தில் அரசு மொழி பார்சி. வரலாறு, கவிதை, கதை, மருத்துவம் யாவும் அம்மொழியில் எழுதப்பட்டன. அக்பர் பாதுஷா தம் அரண்மனையில் ஓவியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் தனிக்கூடம் அமைத்தார். ஈரானிலிருந்து வந்த குவாஜா அப்துஸ் ஸமது போன்ற ஆசான்கள் இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நூல் உருவாகப் பல கைகள் வேண்டும். ஒருவர் தாளை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். ஒருவர் நஸ்தலீக் எழுத்தில் பிரதி எடுப்பார். ஓவியத்துக்கென விட்ட இடத்தில் ஒருவர் கோட்டுருவம் வரைய, மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். சில படங்களில் முகங்களை மட்டும் தீட்ட மூன்றாமவர் வருவார். பொன்னையும் நீலக்கல்லையும் அரைத்து வண்ணம் சேர்ப்பார்கள். பிறகு ஓரச் சித்திரம், கட்டமைப்பு, தோல் அட்டை. ஒவ்வொரு வாரமும் இந்த வேலைகள் பாதுஷாவின் பார்வைக்கு வைக்கப்பட்டன என்று அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார்.

அந்தக் கூடத்தில் தஸ்வந்த் என்ற ஓவியர் இருந்தார். பல்லக்குத் தூக்குபவரின் மகன். சிறுவனாகச் சுவர்களில் கிறுக்கிக்கொண்டிருந்த அவரை அக்பர் கண்டெடுத்து அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார். பின்னாளில் அக்காலத்தின் முதல்தர ஓவியர்களில் ஒருவராக அவர் உயர்ந்தார். அவர் பங்கேற்ற நூல்களில் ஒன்று தாரீக்கே கான்தானே தைமூரிய்யா. தைமூரின் வரலாற்றையும், அவர் வழித்தோன்றல்களின் வரலாற்றையும், அக்பரின் ஆட்சியில் இருபத்திரண்டாம் ஆண்டு வரை நடந்தவற்றையும் அந்நூல் சொல்கிறது. அதில் 130க்கு மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. படங்களின் அடியில் ஓவியர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. முஸ்லிம்களும் இந்துக்களும் அதில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். நூலின் தொடக்கத்தில் ஷாஜஹான் பாதுஷா தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதி, தம் பாட்டனார் காலத்தில் அது உருவானதாகச் சொல்லியிருக்கிறார்.

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது குறித்து மார்க்க அறிஞர்களின் கருத்து நாம் அறிந்ததே. குதா பக்ஷ் அவர்களும் தொழுகை தவறாத குடும்பத்தில் வளர்ந்தவர்கள்தாம். ஆயினும் ஹதீஸ் கிரந்தங்களைக் காத்த அதே கூரையின் கீழ் இந்த ஓவிய ஏடுகளையும் காத்தார்கள். நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி உடுத்தார்கள், எப்படிக் கோட்டை கட்டினார்கள் என்பதற்கு இவை சாட்சி.

சிதறிய செல்வம்

அக்பர் மறைந்தபோது அவருடைய நூலகத்தில் 24,000 நூல்கள் இருந்தன என்பது அக்காலக் கணக்கு. இன்று அவற்றில் எஞ்சியிருப்பது மிகச் சிறு பகுதியே. 1739இல் நாதிர்ஷா டில்லியைச் சூறையாடினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் நூலகத்திலிருந்த ஏறத்தாழ 2,000 நூல்கள் ஆங்கிலேயர் வசமாயின. பெரும்பாலானவை கல்கத்தாவுக்குப் போய், அங்கிருந்து பல லண்டனுக்குச் சென்றன. 1857க்குப் பின் டில்லியிலும் லக்னோவிலும் அரண்மனைகளும் பிரபுக்களின் மாளிகைகளும் கொள்ளை போயின. பார்சி படிக்கத் தெரியாத சிப்பாய்களின் கைகளில் பாதுஷாக்களின் முத்திரை பதித்த நூல்கள் இருந்தன.

ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு தலைவிதி. ஷாஜஹானின் வரலாறாகிய பாதுஷாநாமாவின் ஓவியப் பிரதி ஒன்றை அவத் நவாப் இங்கிலாந்து மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அது இன்றும் விண்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. 116 ஓவியங்கள் கொண்ட அக்பர்நாமாப் பகுதி, 1857க்குப் பின் அவத்தில் அதிகாரியாக இருந்த ஓர் ஆங்கிலேயரிடம் போய், அவர் மனைவியிடமிருந்து 1896இல் லண்டன் அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டது. ஹம்ஸாநாமாவின் கதை இன்னும் வேதனையானது. அக்பர் இளமையில் செய்வித்த அந்நூலில் ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்கள் இருந்தன. இன்று இருப்பவை 200க்கும் குறைவு. அவற்றில் சில, 1881இல் ஸ்ரீநகரில் ஒரு கடையின் சன்னலில் குளிர்காற்றைத் தடுக்க மாட்டப்பட்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டவை.

இப்படி ஏடுகள் சிதறிக்கொண்டிருந்த காலத்தில்தான் குதா பக்ஷ் அவர்கள் வாழ்ந்தார்கள்.

தந்தையின் ஒப்படைப்பு

குதா பக்ஷ் அவர்கள் 1842 ஆகஸ்ட் 2ஆம் நாள், பழைய சாரண் மாவட்டத்தில் பிறந்தார்கள். அந்த ஆண்டை நம் தமிழ் முஸ்லிம்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். ஏட்டுச்சுவடிகளாக இருந்த உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைத் தேடித் தொகுத்து, செய்கப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் அவர்கள் முதன்முதலாக அச்சேற்றிய ஆண்டும் 1842தான். வடக்கிலும் தெற்கிலும் ஏடுகளைத் தேடி அலைந்தவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

தந்தையார் முஹம்மத் பக்ஷ் அவர்கள் பாட்னாவில் வக்கீல். பெரும் பணக்காரர் அல்லர். சம்பாதித்ததில் குடும்பச் செலவு போக மீதம் முழுவதையும் அரபு, பார்சி ஏடுகள் வாங்குவதில் செலவழித்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். கமாலுத்தீன் இஸ்மாயில் இஸ்ஃபஹானி என்ற பார்சிக் கவிஞரின் அரிய பிரதி ஒன்று அவர்களிடம் இருந்தது. பாட்னாவில் நீதிபதியாக இருந்த ஓர் ஆங்கிலேயர் அதைப் படிக்க இரவல் வாங்கினார். பிறகு திருப்பித் தர மனமின்றி, பணம் தருவதாகச் சொன்னார். இவர்கள் மறுத்தும் ஏடு திரும்பவில்லை. அந்த நீதிபதி ஓய்வுபெற்றுச் சீமைக்குப் புறப்பட்டபோது, நல்ல நூல்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, வேண்டாதவற்றை ஏலத்தில் விட ஏற்பாடு செய்தார். வேலையாட்களின் தவற்றால் அந்த ஏடு ஏலக் கட்டுக்குள் போய்விட்டது. ஏலத்துக்கு வந்திருந்த முஹம்மத் பக்ஷ் அவர்கள் தம் பொருளைத் தாமே காசு கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார்கள்.

மகன் குதா பக்ஷ் அவர்கள் பாட்னாவிலும் கல்கத்தாவிலும் படித்தார்கள். தந்தையார் நோயுற்றதால் படிப்பு இடையில் தடைப்பட்டது. குடும்பத்தைத் தாங்க நீதிமன்றத்தில் சிறு வேலை பார்த்தார்கள். மேலதிகாரியுடன் ஒத்துப்போகாமல் அதை விட்டார்கள். பள்ளிகளைப் பார்வையிடும் வேலையும் பார்த்தார்கள். இடையே சட்டம் படித்து, 1868இல் பாட்னாவில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்கள்.

1876இல் தந்தையார் மரணப் படுக்கையில் இருந்தார்கள். அப்போது வீட்டில் இருந்த ஏடுகள் சுமார் 1,400. அவர்கள் மகனிடம் ஒப்படைத்தது சொத்தாக அல்ல, பொறுப்பாக. இந்த ஏடுகளைப் பெருக்கி, ஒருநாள் பொதுமக்கள் எல்லாரும் வந்து படிக்கும் நூலகமாக்க வேண்டும் என்பது அவர்களின் வஸிய்யத். மகனுக்கு அப்போது வயது 33. கையில் பெரிய பணம் இல்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

அதே 1876இல் நம் சிங்கப்பூரில் ஜாவி பெரானாக்கான் என்ற மலாய்ச் செய்தித்தாள் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் தென்னிந்தியத் தொடர்புடைய முஸ்லிம்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1887இல், மகுதூம் சாயபு அவர்கள் சிங்கைநேசன் என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். பிழைக்க வந்த ஊரிலும் எழுத்தைக் கைவிடாத கூட்டம் நம்முடையது என்பதற்கு இவை போதும்.

சம்பாதித்ததெல்லாம் ஏடுகளுக்கே

குதா பக்ஷ் அவர்களின் வக்கீல் தொழில் நன்றாக நடந்தது. பாட்னா நகராட்சியில் பொறுப்பு வகித்தார்கள். அரசு வக்கீலாகவும் நியமிக்கப்பட்டார்கள். கான் பஹதூர் பட்டம் கிடைத்தது. ஆனால் வந்த பணம் வீட்டில் தங்கவில்லை.

முஹம்மத் மக்கி என்ற அரபியர் ஒருவரை அவர்கள் வேலைக்கு அமர்த்தினார்கள். அவர் வேலை ஏடு தேடுவது. மாதச் சம்பளம் 50 ரூபாய். வாங்கித் தரும் ஏடுகளுக்குத் தனியாகத் தரகு. பதினெட்டு ஆண்டுகள் அவர் கெய்ரோ, டமாஸ்கஸ், பெய்ரூட் என்று நகர் நகராக அலைந்து, பழைய நூலகங்களிலும் கடைவீதிகளிலும் தேடி, பாட்னாவுக்கு ஏடுகளை அனுப்பினார். ஒரு சமஸ்தானாதிபதி செய்ய வேண்டிய வேலையை ஒரு மாவட்ட வக்கீல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் செய்தார்கள். ராம்பூர் நவாபுக்கும் இதே நாட்டம் இருந்தது. நவாபோடு போட்டி போட்டுத்தான் இவர்கள் ஏடுகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஏடு விற்க வருகிறவர்களுக்கு மற்றோர் ஏற்பாடு. எந்த ஊரிலிருந்து வந்தாலும், ஏட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வந்தவருக்கு ரயில் கட்டணம் இரு மடங்காகக் கொடுப்பார்கள். இதனால் இந்தியாவின் எந்த மூலையில் ஏடு விற்பனைக்கு வந்தாலும், முதலில் பாட்னாவில் காட்டுவோம் என்ற எண்ணம் வியாபாரிகளுக்கு வந்தது. அரண்மனைகளிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த பல ஏடுகள் இப்படித்தான் கடலைத் தாண்டாமல் நின்றன.

அவர்களைக் குறை இல்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. நூல்கள் விஷயத்தில் அவர்களுக்கு ஆசை அதிகம். நல்ல நூலை இரவல் கொடுப்பவன் கண் தெரியாதவன், இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவன் அவனையும்விடக் கண் தெரியாதவன் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வார்களாம். தந்தையார் பட்ட பாட்டை நினைத்தால், அந்த வேடிக்கையின் பின்னால் இருக்கும் கசப்பு நமக்குப் புரிகிறது.

ஒருமுறை நூலகத்தில் திருட்டும் நடந்தது. அங்கே அட்டை கட்டும் வேலை பார்த்த ஒருவர், மிக அரிய ஏடுகளில் இருபது அளவில் எடுத்து லாகூரில் ஒரு வியாபாரிக்கு விற்க அனுப்பிவிட்டார். உண்மை அறியாத அந்த வியாபாரி, இவ்வளவு உயர்ந்த ஏடுகளை நல்ல விலைக்கு வாங்கக்கூடியவர் யார் என்று யோசித்து, குதா பக்ஷ் அவர்களுக்கே கடிதம் எழுதினார். பொருள் வீடு திரும்பியது. ஏலத்தில் தந்தையாருக்கு நேர்ந்தது போலவே மகனுக்கும் நேர்ந்தது.

வக்ஃபு

கங்கைக் கரையில் 1888 அளவில் இரண்டு தளங்களோடு ஒரு கட்டடம் எழுந்தது. செலவு 80,000 ரூபாய். அக்காலத்து 80,000 ரூபாய் எவ்வளவு என்பதை மக்கியின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே விளங்கும். 1891இல் குதா பக்ஷ் அவர்கள் கட்டடத்தையும் அதிலிருந்த சுமார் 4,000 ஏடுகளையும் பொதுமக்களுக்கென எழுதிக் கொடுத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் வங்காள லெப்டினன்ட் கவர்னர் சர் சார்லஸ் எலியட் நூலகத்தைத் திறந்து வைத்தார். ஏடுகள் பாட்னாவை விட்டு வெளியே எடுத்துச் செல்லப்படக் கூடாது என்பது நிபந்தனை.

இந்த நிபந்தனையின் கனத்தைக் கவனிக்க வேண்டும். எழுதிக் கொடுத்த அன்றோடு அவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அந்த ஏடுகளில் ஓர் ஏட்டைக்கூட விற்க உரிமை இல்லை. பிரிட்டிஷ் மியூசியம் பெருந்தொகை கொடுத்து நூலகம் முழுவதையும் வாங்க முன்வந்தது என்றும், தாம் ஏழைதான், ஆனால் தாமும் தந்தையாரும் இதற்காகவே வாழ்ந்தோம் என்று கூறி அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. லண்டனுக்குப் போயிருந்தால் ஏடுகள் அழிந்திருக்கப் போவதில்லை, நன்றாகவே காக்கப்பட்டிருக்கும். ஆனால் பாட்னாவில் ஒரு மதரஸா மாணவர் நடந்து வந்து அதைப் படித்திருக்க முடியுமா? அந்த மாணவருக்காகத்தான் அவர்கள் மறுத்தார்கள்.

அங்கே இருந்த ஏடுகளில் சிலவற்றைச் சொல்கிறோம். முன்னே சொன்ன தைமூரிய வரலாறு அவற்றில் தலையாயது. ஹுமாயூனும் ஜஹாங்கீரும் ஓரங்களில் தம் கைப்படக் குறிப்பு எழுதிய ஹாஃபிஸின் திவான் ஒன்று உண்டு. ஒரு காரியம் தொடங்கும்போது அந்நூலைத் திறந்து கண்ணில் படும் வரியைக் குறியாகக் கொள்வது அவர்களின் வழக்கம். அலீ மர்தான் கான் ஷாஜஹானுக்குக் காணிக்கையாகக் கொடுத்த ஷாஹ்நாமா ஒன்று உண்டு. கானே கானான் அப்துர் ரஹீம் ஜஹாங்கீருக்கு அளித்த, ஆயிரம் மொஹர் பெறுமான யூசுஃப் சுலைகா ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டு மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவியின் அறுவை மருத்துவ நூல், கருவிகளின் படங்களோடு ஹிஜ்ரி 584இல் எழுதப்பட்ட பிரதி, அங்கே உண்டு. பாதுஷாக்கள் மட்டுமே புரட்டிய பக்கங்களை இப்போது எந்த ஏழை மாணவரும் கேட்டுப் பார்க்கலாம்.

ஹைதராபாதில்

1890களின் நடுவில் ஹைதராபாத் நிஜாமின் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகக் குதா பக்ஷ் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். சுமார் மூன்று ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்கள். அங்கேயும் கண்கள் ஏடுகளைத் தேடிக்கொண்டே இருந்தன.

ஒரு நாள் மாலை நீதிமன்றத்திலிருந்து வண்டியில் திரும்பும்போது, ஒரு மளிகைக் கடையில் மாவு மூட்டையின் மேல் பழைய நூல்கள் கட்டாகக் கிடப்பதைக் கண்டு வண்டியை நிறுத்தினார்கள். விலை கேட்டார்கள். கடைக்காரர் வேறு யாராவது கேட்டிருந்தால் மூன்று ரூபாய்க்குக் கொடுத்திருப்பேன், தலைமை நீதிபதியே இறங்கி வந்து கேட்பதால் இதில் ஏதோ இருக்கிறது, எனவே இருபது ரூபாய் வேண்டும் என்றாராம். அவர்கள் சிரித்துக்கொண்டே இருபது ரூபாயைக் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கட்டில் இருந்த ஓர் அரபு ஏட்டுக்கு மட்டும் பிறகு நிஜாம் 400 ரூபாய் தர முன்வந்தாராம். அதுவும் விற்கப்படவில்லை. பாட்னாவுக்கே போயிற்று.

ஹைதராபாதில் இருந்த காலத்தில்தான் தம் நூலகத்தின் ஏடுகளையும் அவற்றை எழுதியவர்களையும் பற்றி மஹ்பூபுல் அல்பாப் என்ற நூலைப் பார்சியில் எழுதி வெளியிட்டார்கள். என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், இருப்பது தெரியாது. இல்லாமல் போவதும் தெரியாது. தாம் சேர்த்ததைப் பிறர் அறியச் செய்வதும் தம் கடமை என்று அவர்கள் கருதினார்கள்.

ஒரு கனவு

அவர்கள் தம் நெருங்கியவர்களிடம் சொன்ன கனவு ஒன்று பாட்னாவில் இன்றும் பேசப்படுகிறது. நூலகத்தை ஒட்டிய சந்து முழுவதும் மக்கள் கூட்டம். என்ன என்று வெளியே வந்து கேட்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நூலகத்துக்கு வந்திருக்கிறார்கள், நீங்கள் இங்கே இருக்கிறீர்களே என்று கூட்டத்தினர் சொல்கிறார்கள். விரைந்து உள்ளே போகிறார்கள். அதற்குள் பெருமானார் புறப்பட்டுவிட்டார்கள். மேசையின் மேல் இரண்டு ஹதீஸ் ஏடுகள் திறந்தபடி இருக்கின்றன. அவற்றைத்தான் பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள்.

விழித்த பின் அந்த இரண்டு ஏடுகளிலும், இவை எக்காரணம் கொண்டும் நூலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று தம் கைப்படக் குறிப்பு எழுதி வைத்தார்கள். கனவின் பொருளை அல்லாஹ்வே அறிவான். ஆனால் பெருமானாரைச் சந்திக்கும் நேரத்தில் தாம் அங்கே இல்லாமல் போனேனே என்ற ஏக்கம் ஒரு மனிதரை எப்படி மாற்றும் என்பது நமக்குத் தெரியும். அதன் பின் அவர்களின் மனம் நூலகத்தை விட்டு அகலவில்லை.

கடனும் கடைசி நாட்களும்

ஹைதராபாதிலிருந்து திரும்பியபோது அவர்களின் உடல் தளர்ந்திருந்தது. நாளடைவில் வக்கீல் தொழிலைத் தொடர முடியவில்லை. வருமானம் நின்றது. ஏடு வாங்கியதில் ஏற்பட்ட கடன் மட்டும் நின்றபாடில்லை. லட்சக்கணக்கில் விலைபோகும் ஏடுகளுக்கு நடுவே அமர்ந்திருந்த மனிதருக்கு 8,000 ரூபாய் கடனை அடைக்க வழியில்லை. ஓர் ஓவிய ஏட்டை விற்றிருந்தால் கடன் தீர்ந்திருக்கும். ஆனால் அது அவர்களுடையது அல்ல. அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்று நாம் நினைக்கிறோம். நாம்தானே கொடுத்தோம், நெருக்கடியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன என்று மனம் கேட்கும். அவர்கள் எடுக்கவில்லை.

1903இல் வைஸ்ராய் கர்சன் பிரபு நூலகத்தைப் பார்வையிட்டார். ஏடுகளுக்கு விரிவான பட்டியல் தயாரிக்க ஏற்பாடு நடந்தது. மௌலவி அப்துல் முக்ததிர் அவர்கள் அந்தப் பணியை மேற்கொண்டார்கள். முதல் பகுதி 1908இல் வெளிவந்தது. அரசாங்கம் முன்வந்து 8,000 ரூபாய் கடனை அடைத்து, மாதம் 200 ரூபாய் உதவித் தொகையுடன் அவர்களை நூலகத்தின் செயலாளராக்கியது. தாம் கட்டிய வீட்டிலேயே சம்பளக்காரராக அமர்ந்து, கடைசி நாட்களைக் கழித்தார்கள்.

1908 ஆகஸ்ட் 3ஆம் நாள், 66 வயது நிறைந்த மறுநாள், அவர்கள் மறைந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். நூலக வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். மகன்களுக்கு விட்டுச் சென்றது பணம் அல்ல. மகன் சலாஹுத்தீன் அவர்கள் ஆக்ஸ்போர்டில் படித்து, இஸ்லாமிய வரலாறு பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார்கள்.

அவர்களுக்குப் பின்

மரம் நட்டவர் போனாலும் நிழல் போகவில்லை. 1925இல் காந்தியடிகள் அந்நூலகத்துக்கு வந்து பார்த்தார். 1969இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1,400 ஏடுகளாக இருந்தது இன்று 21,000 அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2011இல் தைமூரிய வரலாற்று ஏடு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. பல்லக்குத் தூக்குபவரின் மகன் பங்குகொண்ட வேலை, வக்கீல் ஒருவரின் பிடிவாதத்தால், நானூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

நமக்கு

நம் வீடுகளில் ஷாஜஹானின் கையெழுத்து இல்லை. ஆனால் பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த மௌலிது கிதாபு இருக்கலாம். பாட்டி ஓதிய அரபுத்தமிழ் மாலை இருக்கலாம். மார்க்கெட் ஸ்திரீட் கடைக் கணக்கு, ஊர் ஜமாஅத் வரவு செலவுக் குறிப்பு, நிக்காஹ் பதிவு, பழைய கடிதக் கட்டு இருக்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்கவே சிரமம். அரபுத்தமிழ் எழுத்தைப் பார்த்தால் அது குர்ஆனா, கடிதமா என்றுகூடத் தெரியாது. தெரியாத பொருளைத்தான் முதலில் தூக்கிப் போடுவோம். ஸ்ரீநகர்க் கடைக்காரரும் தெரிந்தா அந்த ஓவியத்தைச் சன்னலில் மாட்டினார்?

ஆகவே சங்க உறுப்பினர் குடும்பங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். பழைய ஏடு எதுவாயினும் பெரியவர் ஒருவரிடம் காட்டாமல் வீசிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். கிழிந்த பக்கத்தை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். அந்தப் பசை நாளடைவில் தாளைத் தின்றுவிடும். கைப்பேசியிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் ஓதினார்கள் என்பதை மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். வைக்க இடம் இல்லை என்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தேசிய நூலகத்துக்கும் சொல்லலாம்.

ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் கல்வி நிதி கொடுத்தது, நோன்புக் கஞ்சி காய்ச்சியது, ஜனாஸாக்களுக்குத் தோள் கொடுத்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஓர் அலமாரியும் ஒரு பட்டியலும் சேர்ந்தால் போதும். குதா பக்ஷ் அவர்களுக்கும் தொடக்கத்தில் இருந்தவை ஒரு தந்தையின் அலமாரியும் ஒரு மகனின் வாக்கும்தான்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் கப்றை ஒளிமயமாக்குவானாக. அவர்களின் நற்பணியை நிலையான தர்மமாக ஏற்றுக்கொள்வானாக. நம் முன்னோர் விட்டுச் சென்றதைக் காக்கும் பொறுப்புணர்வை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.